கைகட்டி நின்று பார்த்தால் பிசியோதெரபி வருமா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: சித்தி இங்கிலாந்தில் நர்ஸ். அவர் வேலை பார்க்கும் அரசு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் நான்கு வாரம் பார்வையாளராக நிற்கலாம் என்று வாய்ச்சொல்லாகச் சம்மதம் கிடைத்திருக்கிறது. ஆனால் நோயாளியைத் தொடக்கூடாதாம், கருவி எதையும் இயக்கக்கூடாதாம். டிக்கெட், விசா, குளிருக்கு உடுப்பு என்று லட்சக்கணக்கில் ஆகும். போகலாமா, வேண்டாமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாகத் தெரிகிறது. கையால் செய்யும் தொழிலைக் கைகட்டி நின்று பார்த்தால் என்ன வரும் என்பது ஒன்று. அங்கிருந்து கொண்டுவரும் கடிதம் நாளைக்கு அங்கே வேலை வாங்கித் தருமா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்குப் பதில் சின்னது: தராது. இங்கிலாந்தில் பிசியோதெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்ளவே எச்.சி.பி.சி. என்னும் மன்றத்தில் பதிவு வேண்டும். பதியாமல் போட்டுக்கொண்டால் குற்றம். அந்த மன்றம் பார்ப்பது உங்கள் பாடத்திட்டத்தையும், மேற்பார்வையில் நீங்கள் நோயாளிகளைக் கையாண்ட மணிக்கணக்கையும், ஆங்கிலத்தையும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினால் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக்கூடாது. பார்த்து நின்ற நேரம் கையாண்ட நேரத்தில் சேராது. அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே தொழிலுக்குள் நுழைவதற்கான படிப்பே டி.பி.டி. என்ற முனைவர் பட்டம். அதற்கு விண்ணப்பிப்பவர்களிடம் பல கல்லூரிகள் பார்வையாளராக நின்ற மணிநேரத்தைக் கேட்கின்றன. எத்தனை மணி என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அந்தத் திட்டம் இருந்தால் மட்டும் கையெழுத்தோடு மணிக்கணக்கை எழுதி வாங்கி வையுங்கள். மற்றபடி சான்றிதழுக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

முதல் கேள்விக்கு வருவோம். கைப்பழக்கம் நிச்சயமாக வராது. மூட்டை அசைக்கும் கை, தசையின் இறுக்கத்தை உணரும் விரல் எல்லாம் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியிலோ உங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ நின்று, செய்து செய்துதான் வரவேண்டும். ஆனால் கை வேலையில் இருக்கும்போது கண்ணில் படாத ஒன்று உண்டு. நோயாளியைத் தொடுவதற்கு முன் ஒரு நல்ல பிசியோ எதையெல்லாம் பார்க்கிறார், எந்த இடத்தில் ‘இன்றைக்கு இவ்வளவு போதும்’ என்று நிறுத்துகிறார், ஏன் நிறுத்தினார் என்பதை எப்படி எழுதி வைக்கிறார். நம்மூர்ப் பயிற்சியில் காலையில் வந்தவுடன் பத்து நோயாளிகளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ‘குவாட்ரிசெப்ஸ் கொடு, ஐ.எஃப்.டி. வை’ (தொடைத் தசைப் பயிற்சி, வலிக்கு மின்சாரம்) என்ற உத்தரவு ஏற்கெனவே எழுதியிருக்கும். முடிவெடுப்பதைப் பார்க்கவே வாய்ப்பு குறைவு. அங்கே போய்ப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். எண்பது வயதுப் பாட்டி, வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, நேற்று அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. நைஸ் என்ற இங்கிலாந்து மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மருத்துவக் காரணம் எதுவும் தடுக்காவிட்டால் அறுவைக்கு மறுநாளே பிசியோ வந்து பார்த்து எழுப்ப வேண்டும். அதன்பிறகு நாளுக்கு ஒருமுறையாவது. பிசியோ வார்டுக்குள் வந்ததும் நேரே கட்டிலுக்குப் போகமாட்டார். கம்ப்யூட்டரிலோ கோப்பிலோ சில நிமிடம் செலவழிப்பார். உங்கள் நோட்டைத் திறக்க வேண்டிய நேரம் அது. அறுவைக் குறிப்பில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பார்: பாதி மூட்டு மாற்றமா, திருகாணியும் தகடுமா, முழு எடையையும் ஊன்றலாம் என்று எழுதியிருக்கிறதா. பிறகு ஹீமோகுளோபின். ராத்திரி எப்படி இருந்தார் என்ற நர்ஸ் குறிப்பு. கடைசியாக வலி மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பது. மருந்து கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்துப் போனால் பாட்டி காலை அசைக்க விடுவார், அதற்கு முன்னே போனால் விடமாட்டார். மனக்குழப்பம் உண்டா என்று பார்க்கும் 4ஏ.டி. மதிப்பெண் 4-ஓ அதற்கு மேலோ இருந்தால் சொன்னது மண்டையில் நிற்காது என்று தெரிந்துகொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளைதான் சொல்வார்.

அடுத்து, நோயாளியின் உடல்நிலை மோசமாவதை முன்கூட்டிக் காட்டும் நியூஸ் 2 என்ற மதிப்பெண். ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்டது. அங்கே வார்டு வார்டாக ஓடுகிறது. மூச்சு எண்ணிக்கை, ரத்த ஆக்சிஜன், மேல் ரத்த அழுத்தம், நாடி, உணர்வு நிலை, உடல் வெப்பம் ஆகிய ஆறு அளவுகளுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. தனியாக ஆக்சிஜன் வைத்திருந்தால் இன்னும் 2. கூட்டி 5 வந்தால் டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும், 7 வந்தால் நெருக்கடி. ஒரே ஒரு அளவு மட்டும் 3 புள்ளி வாங்கினாலும் கவனம் வேண்டும். நீண்டகால நுரையீரல் அடைப்பு நோயில் கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 சதவீதம். அவருக்குத் தனி அளவுகோல். இதைப் போவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள். பிசியோ ஒருவர் ‘இவரை இப்போது எழுப்பவில்லை’ என்று திரும்பிப் போனால், அதற்கான காரணம் பெரும்பாலும் இந்த எண்களில்தான் இருக்கும்.

பிறகுதான் பாட்டியிடம் போவார். பெயரையும் தான் யார் என்பதையும் சொல்வார். புற்றுநோயாளியாகப் படுத்திருந்த டாக்டர் கேட் கிரேஞ்சர், தன்னிடம் வருகிற ஊழியர்கள் பெயர்கூடச் சொல்வதில்லையே என்று 2013-இல் தொடங்கிய இயக்கத்துக்குப் பிறகு இது அங்கே ஊறிவிட்டது. ‘இந்த மாணவி நின்று பார்க்கலாமா?’ என்றும் கேட்பார். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் திரையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். சம்மதித்தால், கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, தொடைத் தசையை இறுக்கச் சொல்லிப் பார்ப்பார். படுத்த நிலையில் ரத்த அழுத்தம் எடுப்பார். இரண்டு பேராகக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டு, அவசரப்படாமல் காத்திருப்பார். இந்தக் காத்திருப்பைக் கவனியுங்கள்; பழகாதவர்கள் விடுவது இதைத்தான். எழுந்து நின்றதும் மறுபடி அழுத்தம், முடிந்தால் மூன்றாம் நிமிடத்திலும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்துவிட்டால் நடை கிடையாது. உட்காரவைத்து நர்ஸிடம் சொல்லிவிட்டு வருவார். குறையாவிட்டால் வாக்கரோடு நான்கைந்து எட்டு, பக்கத்து நாற்காலி வரை. நாற்காலி உயரமாக, கைப்பிடியோடு இருக்கும். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. சிறுநீர்க் குழாய்ப் பை கட்டிலின் மறுபக்கம் மாட்டியிருக்கும். பாட்டி நகர்ந்ததும் இழுக்கும். குதிகாலைப் பிடிக்காத செருப்பு கழலும். வாக்கரைத் தூரத் தள்ளிவிட்டு உடம்பு பின்னால் நிற்கும். பாட்டி எழும்போது கட்டிலை ஊன்றாமல் வாக்கரைப் பிடித்து இழுப்பார், வாக்கர் கவிழும். நல்ல பிசியோ இவற்றையெல்லாம் பாட்டி எழுவதற்கு முன்பே கண்ணால் ஒரு சுற்று சுற்றிச் சரிசெய்துவிடுவார்; ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். அவர் எதையெதை நகர்த்தினார், எந்தப் பக்கம் நின்றார், எத்தனை வார்த்தை பேசினார் என்று எழுதிப் பாருங்கள். ஒரு விஷயம் கூடுதலாக: பதிவுபெற்ற பிசியோக்களை மட்டும் பின்தொடராதீர்கள். உதவியாளர்கள் என்று ஒரு அடுக்கு உண்டு. பட்டம் இருக்காது, ஆனால் ஒரே வார்டில் பல வருடம் நின்றவர்கள். புதிதாகப் பட்டம் பெற்ற பிசியோ சில மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறிக்கொண்டே இருப்பார். எழுப்புவது, உட்காரவைப்பது எல்லாவற்றிலும் உதவியாளரின் கை சுத்தமாக இருக்கும்.

நோயாளியைத் தூக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அங்கே தூக்குவதே கிடையாது. 1992-ஆம் ஆண்டின் கையாளல் விதிகளுக்குப் பிறகு, ஆபத்தான தூக்கலை முடிந்தவரை தவிர்ப்பது நிர்வாகத்தின் சட்டக் கடமை. கட்டிலில் மேலே நகர்த்த வழுக்கு விரிப்பு, எழுந்து நிற்கவைக்கப் பிடித்து நிற்கும் சக்கர வண்டி, முற்றிலும் முடியாதவருக்குத் தொட்டிலோடு கூடிய தூக்குக் கருவி. அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்து நிமிர்த்துவது அங்கே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். நம் வீடுகளில் பக்கவாதம் வந்த அப்பாவைக் கழிப்பறைக்குக் கொண்டுபோவது எப்படி? மகன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம், இரண்டு அக்குளிலும் கை. தசை செத்துத் தொய்ந்திருக்கும் தோளில் பந்து எலும்பு ஏற்கெனவே கிண்ணத்திலிருந்து கீழே இறங்கியிருக்கும்; அதைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு உறையும் நரம்பும் இழுபடும். சில வாரத்தில் தோள் வலி தொடங்கும், வலி வந்தபின் அந்தக் கையை யாரையும் தொடவிட மாட்டார். கருவி இல்லாமலும் இதைச் சரிசெய்யலாம்: இடுப்பில் அகலமான துணியோ பெல்ட்டோ கட்டி அதைப் பிடிப்பது, நோயாளியின் பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைப்பது, மூக்கு கால் பெருவிரலுக்கு மேலே வரும்வரை முன்னால் குனியவைத்து, பிறகு எழச்சொல்வது. இந்த வரிசையை அங்கே தினமும் பார்க்கலாம். தூக்குக் கருவி ஊருக்கு வராது. இந்த வரிசை வரும்.

பக்கவாதத்தில் இன்னொரு விஷயம். நம் வீட்டு உத்தரத்தில் கிணற்றுக் கப்பியைக் கட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கையிலும் மறுமுனையைச் செயலிழந்த கையிலும் கொடுத்து மேலும் கீழும் இழுக்கவைப்பது பரவலான பழக்கம். பல பிசியோக்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். தோள்பட்டை எலும்பு சேர்ந்து சுழலாமல் கை மட்டும் தலைக்கு மேல் போகும்போது நடுவிலுள்ள தசைநாண் நசுங்குகிறது. அமெரிக்கப் பக்கவாதச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் தலைக்கு மேலான கப்பிப் பயிற்சி வேண்டாம் என்றே சொல்கிறது. அதேபோல ‘எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது’ என்ற நம்பிக்கையும் அப்படியே நிற்கவில்லை. 2015-இல் வெளிவந்த அவெர்ட் ஆய்வு 2104 பேரைப் பார்த்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் அதிகமாகவும் எழுப்பி நடமாடவைத்த குழுவில், மூன்று மாதம் கழித்து நன்றாகத் தேறியவர்கள் குறைவாகவே இருந்தார்கள். ஆனால் முதல் சில நாள் கடந்தபின் பயிற்சி நேரம் கூடக்கூட நல்லது; நைஸ் 2023-இல் சொன்னது வாரத்தில் 5 நாளாவது, நாளுக்கு 3 மணி நேரமாவது மறுவாழ்வுப் பயிற்சி. ஆள் பற்றாக்குறையால் அங்கேயே எல்லா ஆஸ்பத்திரியும் அதை எட்டுவதில்லை. நீங்கள் நிற்கும் வார்டில் உண்மையில் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வாருங்கள். வழிகாட்டுதலுக்கும் வார்டுக்கும் இடையிலுள்ள தூரமும் ஒரு பாடம்.

வெளிநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். கருவிகள் குறைவு. முதுகுவலிக்கு அல்ட்ராசவுண்ட், மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ், ஐ.எஃப்.டி., இழுவை எதையும் கொடுக்க வேண்டாம் என்று நைஸ் 2016-இல் எழுதிவிட்டது. ஆகவே நோயாளியிடம் பேச்சு, பரிசோதனை, இரண்டு மூன்று பயிற்சிகள், வேலைக்கு எப்போது திரும்புவது என்ற திட்டம், அத்தோடு அனுப்பிவிடுவார்கள். நம்மூரில் இதைச் செய்துபாருங்கள்: ‘கரண்டு வெக்கலியா டாக்டரே?’ என்று கேட்டுவிட்டு அடுத்த வாரம் வேறு இடம் பார்ப்பார்கள். வர்ம ஆசான் கைவைத்து எண்ணெய் போட்டுத் தடவினால்தான் வைத்தியம் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய குமரி மாவட்டம் இது. நோயாளியின் எதிர்பார்ப்பைத் தப்பு என்று ஒதுக்க முடியாது. கருவியே கதி என்று கிடக்கவும் கூடாது. என் கருத்து, அங்கே பார்க்க வேண்டியது கருவி இல்லாமல் நோயாளியை எப்படி ஒப்புக்கொள்ளவைக்கிறார்கள் என்ற பேச்சுமுறையை. வலி என்றால் உள்ளே எதுவோ கிழிந்துபோய்விட்டது என்று பயந்து வருகிறவரிடம் என்ன கேட்கிறார்கள், எந்த இடத்தில் மாதிரி எலும்பை எடுத்துக் காட்டுகிறார்கள், பயிற்சியை அவரே திருப்பிச் செய்துகாட்டும்வரை விடுகிறார்களா. இதைத் தமிழில், நம்மூர்ச் சொல்லில், நீங்களே செய்துபார்க்க வேண்டும். அங்கிருந்து வாக்கியங்களை அப்படியே கொண்டுவந்தால் எடுபடாது.

ஊருக்கு முழுசாகக் கொண்டுவரக்கூடியது அளவெடுக்கும் பழக்கம். செலவு ஒரு அளவு நாடாவும் போனில் உள்ள கடிகாரமும். எழுந்து நடக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்: சுமார் 46 செ.மீ. உயரமுள்ள கைவைத்த நாற்காலி, அதிலிருந்து 3 மீட்டரில் தரையில் ஒரு கோடு. முதுகு சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் ‘போங்க’ என்றதும் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமாகக் கைத்தடி வைத்திருப்பவர் அதோடுதான் நடக்க வேண்டும். ஒருமுறை ஒத்திகை, அடுத்ததில் நேரம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உள்ளவர் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணக்கிடுகிறது. நம் கிளினிக்குகளில் இது தவறிப்போவது எங்கே என்றால், பிளாஸ்டிக் நாற்காலி ஒவ்வொரு நாளும் வேறாக இருக்கும், ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்று பக்கத்திலிருப்பவர் விரட்டுவார். அப்புறம் போன வார எண்ணையும் இந்த வார எண்ணையும் ஒப்பிட முடியாது. ஆறு நிமிட நடையும் அப்படித்தான். 2002-இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் வகுத்த முறையில் 30 மீட்டர் நேர் வராந்தா வேண்டும், நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும் ஊக்க வாக்கியம்கூட எழுதிவைத்ததுதான். பத்து மீட்டர் வராந்தாவில் செய்தால் திரும்புவதிலேயே நேரம் போய் தூரம் குறையும். பெர்க் சமநிலை அளவில் 14 பணிகள், 56 மதிப்பெண். அங்கே இதை யாராவது செய்யும்போது நீங்களும் மனதுக்குள் மதிப்பெண் போட்டு, முடிந்ததும் அவருடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடாமலே செய்யக்கூடிய பயிற்சியில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை.

நோட்டில் என்ன எழுதலாம் என்பதிலும் கண்டிப்பு உண்டு. பெயர், பிறந்த தேதி, கட்டில் எண், வார்டின் பெயர் எதுவும் கூடாது. ‘எழுபதுகளில் ஒரு ஆண், இடப்பக்கப் பக்கவாதம், மூன்றாம் நாள்’ அளவு போதும். போனில் படம் கிடையாது. ஆள் இல்லாத ஜிம்மைக்கூடப் படம் எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸ் போடாதீர்கள். பின்னால் வெள்ளைப் பலகையில் பத்துப் பேர் பெயர் எழுதியிருக்கும். நோயாளியின் முன்னால் ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்கவும் கூடாது. கேள்விகளைச் சேர்த்துவைத்து, குறிப்பு எழுத உட்காரும் நேரத்திலோ மதியச் சாயா நேரத்திலோ கேளுங்கள். ‘எப்படி’ என்று கேட்டால் செய்முறை கிடைக்கும், அது புத்தகத்திலேயே இருக்கிறது. ‘எது நடந்திருந்தால் நிறுத்தியிருப்பீர்கள்?’ என்று கேட்டால் அவருடைய அனுபவம் முழுவதும் வெளியே வரும். எண்பது வயது ஆளை இருபத்திரண்டு வயதுப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிடுவது முதல் நாள் காதில் இடிக்கும். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் அப்படியே.

எது ஊருக்குப் பொருந்தாது என்பதையும் அங்கே நிற்கும்போதே பிரித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மறுவாழ்வு முழுவதும் நாற்காலி உயரத்தில் நடக்கிறது. முழங்கால் மாற்றியவருக்கு 90 டிகிரி மடங்கினால் படியேறலாம், நாற்காலியிலிருந்து எழலாம், அநேகமாகத் திருப்தி. நம்மூரில் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தரையில் உட்கார்ந்து பருப்பு எடுக்கும் பெண்ணுக்கு 90 எதற்கும் காணாது. குந்தி உட்கார 130-க்கு மேல் வேண்டும், மாற்று மூட்டில் அது எல்லாருக்கும் கிடைக்காது, கிடைத்தாலும் எல்லா டாக்டரும் அனுமதிப்பதில்லை. அப்போது பேச வேண்டியது வேலையிடத்தில் உயரமான ஸ்டூல் போடுவதைப் பற்றியும், வீட்டில் கழிப்பறையை மாற்றுவதைப் பற்றியும். குலசேகரம் பக்கம் விடியுமுன் சரிவில் ஏறி ரப்பர் பால்வெட்டும் தொழிலாளிக்கு, ஈர மண்ணில் இறங்கும்போது முழங்கால் தாங்குமா என்பதுதான் கேள்வி; சமதரை வராந்தாவில் ஆறு நிமிடம் நடந்தது அதற்குப் பதில் சொல்லாது. குளச்சலில் வள்ளம் தள்ளுகிறவரின் தோளும் அப்படித்தான். அங்கே வீட்டுக்கு அனுப்புமுன் படி எத்தனை, கைப்பிடி எந்தப் பக்கம், கழிப்பறை மாடியிலா கீழேயா, கூட யார் இருக்கிறார்கள் என்று தொழில்வழிச் சிகிச்சையாளரோடு (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) சேர்ந்து கேட்பார்கள். கேள்விப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பதில்களை மாற்றுங்கள். நம் வீட்டில் கூட யார் என்ற கேள்விக்குப் பதில் நிறைய. பராமரிப்பு ஊழியர் என்ற ஆள்தான் இல்லை. அதனால் அங்கே ஊழியருக்குச் சொல்லிக்கொடுப்பதை இங்கே மருமகளுக்கும் பேரனுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

போகலாமா என்பதற்கு என் முடிவு: கடன் வாங்கித்தான் போக வேண்டுமென்றால் வேண்டாம். இந்த அளவு கவனமான குழுப்பணியைப் பார்க்க வேலூர் சி.எம்.சி. மறுவாழ்வுப் பிரிவே போதும். விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று, 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அங்கே இருக்கிறது. தரையில் உட்காரும் நோயாளிகளும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் இன்னும் பக்கம். அனுமதி முறையை உங்கள் கல்லூரி வழியாகக் கேட்க வேண்டும். சித்தி வீட்டில் தங்கி, டிக்கெட் செலவை வீடு தாங்குமென்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் நான்கு வாரத்தில் எட்டுப் பிரிவைச் சுற்றிக்காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். எலும்பு வார்டில் இரண்டு வாரம், பக்கவாத வார்டில் இரண்டு வாரம் போதும். ஒரே நோயாளியை முதல் நாளிலிருந்து வீட்டுக்குப் போகும் நாள்வரை பார்ப்பதற்கு அது தேவை. தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்க்க ஆசையிருக்கும். ஒரு நாள் போய் வாருங்கள், அதற்கு மேல் அடிப்படை தெரியாமல் நின்றால் குழாய்களைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

போவதென்று முடிவானால், வாய்ச்சொல்லை நம்பி டிக்கெட் போடாதீர்கள். பிரிவின் தலைவர் சரி என்றாலும் ஆஸ்பத்திரியின் கல்விப் பிரிவோ மனிதவளப் பிரிவோ எழுத்தில் தர வேண்டும்: தேதிகள், பொறுப்பான மேற்பார்வையாளர், ஊதியம் கிடையாது, சிகிச்சை தருவது கிடையாது என்ற வாசகம். எந்த வகை விசாவில் வர வேண்டும் என்றும் அவர்களையே கேட்டு, அரசின் விசா இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; மருத்துவ மாணவர்களுக்குப் பொருந்தும் விதி பிசியோ மாணவருக்கும் பொருந்தும் என்று ஏஜென்ட் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். போலீஸ் சான்று கேட்பார்கள். தடுப்பூசிகளுக்குத்தான் நேரம் அதிகம் எடுக்கும். ஹெபடைடிஸ் பி போடாதவரென்றால் 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பு அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ஆக ஏழெட்டு மாதம். சின்ன வயதில் போட்ட அட்டை இருந்தாலும் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. தட்டம்மை, அம்மைக்கட்டு, ருபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசி இரண்டு தவணை, சின்னம்மை வந்ததற்கோ ஊசி போட்டதற்கோ ஆதாரம், காசநோய்க்கு இக்ரா என்னும் ரத்தப் பரிசோதனை ஆகியவையும் வழக்கமான பட்டியலில் வரும். பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் நோயில் விழுந்து வார்டில் சேர்ந்தால் வழக்கக் கட்டணத்தின் 150 சதவீதம் கேட்பார்கள்.

உடுப்பில் ஒரு விதி கண்டிப்பானது: முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது. வளையல், வாட்ச், நகப்பூச்சு, மண்டைக்காட்டுக் கயிறு, வேளாங்கண்ணிக் கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். வேலைப்பாடில்லாத மோதிரம் ஒன்றை மட்டும் பொதுவாக விடுவார்கள். கையை எப்போது கழுவுவது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து தருணங்கள் இருக்கின்றன, படித்துவிட்டுப் போங்கள். ஜெல் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பு என்றால் 40 முதல் 60. வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியின் அறையிலிருந்து வந்தால் சோப்பும் தண்ணீரும்தான், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி. டிஃப் கிருமியின் வித்து ஜெல்லுக்குச் சாகாது. சுடிதாருக்குத் துப்பட்டா வேண்டாம், கட்டில் சக்கரத்தில் மாட்டும். சட்டைக்காலருக்கு மேல் நிற்கும்படி முடியைக் கட்டி, அரைக்கைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, முன்பக்கம் மூடிய வழுக்காத ஷூ. ஷூவை இங்கேயே வாங்கி இரண்டு வாரம் போட்டு நடந்து பழகிவிட்டுக் கொண்டுபோங்கள், வார்டுக்கும் ஜிம்முக்கும் இடையில் ஒரு நாளில் நடக்கும் தூரம் கொஞ்சமல்ல.